பிள்ளைகளுக்குச் சிம்பொனி கேட்கப் பழக்குவது எப்படி

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பிள்ளைகள் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து, பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை போட்டுக் காட்ட நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. பெரியவளுக்கு அப்போது எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்தரை. பீத்தோவன் யார், எந்த ஊரில் பிறந்தார், காது கேளாமல் போன பிறகும் எப்படி இசை எழுதினார் என்று கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் இசையையே தொடங்கினேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது, சின்னவன் சோபாவின் கைப்பிடியில் ஏறிக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். பெரியவள் மட்டும் எனக்கு மனவருத்தம் வரக்கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவனின் குதிரையைவிட அவளுடைய அந்தப் பொறுமைதான் என்னை அதிகம் உறுத்தியது.

குறை பிள்ளைகளிடம் இல்லை. சினிமாப் பாட்டில் பாடுகிற குரல் இருக்கிறது, சொற்கள் இருக்கின்றன, நான்கைந்து நிமிடத்துக்குள் பல்லவி பலமுறை திரும்பி வந்துவிடுகிறது. கீர்த்தனையில் பொருள் புரியாவிட்டாலும் கையில் தாளம் போட்டுக்கொண்டு கூடவே போகலாம். பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கப் பல பகுதிகளாக எழுதப்படும் மேலைநாட்டு இசையான சிம்பொனியிலோ பெரும்பாலும் பாடகர் இல்லை, சொல் இல்லை, பல சமயம் அரை மணி நேரம்கூட ஓடுகிறது, முதலில் கேட்ட மெட்டு திரும்பி வரும்போது வேறு வாத்தியத்தில், வேறு சுருதியில், வேறு உடையில் வருகிறது. எதைப் பிடித்துக்கொண்டு இதற்குள் நடப்பது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. ஆகவே பெரியவர்கள் செய்யவேண்டியது, ஒவ்வொரு இசைத்துண்டுக்கும் பிள்ளை காத்திருப்பதற்கு ஏதாவது ஒன்றைக் கொடுப்பது. ஒன்று போதும். அது வருகிறதா வருகிறதா என்று காத்திருக்கிற பிள்ளை, இடையில் வருகிற எல்லாவற்றையும் தன்னையறியாமல் கேட்டுவிடுகிறது. இரண்டரை நிமிடம் காத்திருக்கத் தெரிந்த பிள்ளையை ஆறு நிமிடத்துக்கும், பிறகு கால் மணிக்கும், கடைசியில் முப்பது நிமிடத்துக்கு மேலும் கொண்டுபோக முடியும். அதற்கு ஓரிரு ஆண்டுகள் ஆகலாம், ஆகட்டும்.

முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள்

இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிம்பொனி இசையைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டாதீர்கள். டபுள் பாஸ் என்ற, ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய தந்தி வாத்தியத்தின் வழக்கமான கீழ்த் தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கைப்பேசிக்குள் இருக்கும் நகம் அளவு ஒலிபெருக்கியால் அந்த ஒலியை வெளியிடவே இயலாது. நீங்கள் ஏற்கனவே கேட்டிருப்பதால் உங்கள் மனம் அதை நிரப்பிக்கொள்ளும், பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. ஓரளவு பெரிய ஒலிபெருக்கி ஒரு ஜோடி இருந்தாலே போதும், விலை உயர்ந்ததாக இருக்கவேண்டியதில்லை.

இன்னொன்று, இந்த இசையில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளி நம் வீடுகளில் வழக்கமாக ஒலிக்கிற பாட்டுகளில் இருப்பதைவிட மிக அதிகம். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, அடுப்பங்கரையில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருக்க, மெல்லிய இடங்கள் காதில் விழவே விழாது. ஒலியைக் கூட்டினால் அடுத்த நிமிடமே முழுக் குழுவும் சேர்ந்து முழங்கும்போது பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். ஆகவே துண்டின் மிக உரத்த இடத்தை முதலில் நீங்கள் தனியாகப் போட்டுப் பார்த்து, அது காதை வருத்தாத அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். நடுவில் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தொலைக்காட்சியில் போடுவதாக இருந்தால் ‘நைட் மோட்’ போன்ற அமைப்புகளை அணைத்துவிடுங்கள், அவை உரத்ததையும் மெல்லியதையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து நீங்கள் காட்ட நினைத்ததையே அழித்துவிடும். இடையில் விளம்பரம் பாய்ந்து வரும் வழியில் கேட்காமல் இருப்பதும் நல்லது, காத்திருந்த இடத்தில் சோப்பு விளம்பரம் வந்தால் பிள்ளையின் அந்த நாள் போயிற்று.

மூன்று நிமிடத்துக்குள் முடிகிற துண்டுகள்

தொடங்குவதற்கு நான் எப்போதும் எடுப்பது நார்வே நாட்டு இசையமைப்பாளர் கிரீக், இப்சனின் ‘பேர் கிண்ட்’ நாடகத்துக்காக எழுதிய ‘மலையரசனின் கூடத்தில்’ என்ற துண்டு. 1876இல் மேடையேறிய அந்த நாடகத்தில், கதைநாயகன் மலைக்குள் வாழும் பூதங்களிடம் மாட்டிக்கொள்கிற இடம் அது. இரண்டரை நிமிடம்தான். அடியில் ஒளிந்துகொண்டு பூனைநடை போடுவதுபோலச் செல்லோ என்ற பெரிய வயலினும் டபுள் பாஸும் தந்தியை விரலால் சுண்ட, பசூன் என்ற நீண்ட ஊதுகுழல் கூடச்சேர்ந்து முனகுகிறது. ஒரே ஒரு குட்டி மெட்டு. அதே மெட்டு மறுபடி வருகிறது, சற்று மேலே போகிறது, மறுபடி வருகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விரைவாக, கொஞ்சம் உரத்து, இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு. ஒன்றரை நிமிடம் தாண்டும்போது யாரோ துரத்துகிறார்கள் என்று சொல்லாமலே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். முடிவில் முழுக் குழுவும் ஓங்கி ஓர் அடி அடித்து நிறுத்துகிறது. அமைதி. முடிந்துவிட்டது என்று மூச்சு விடும்போது இன்னோர் அடி.

இதை எப்படிக் கொடுப்பது? முதல் நாள் எதுவும் சொல்லாதீர்கள், போட்டுவிட்டு நீங்களும் சும்மா கேளுங்கள். இரண்டாம் நாள், மெட்டு நடக்கிற வேகத்தில் தரையில் ஒரு விரலால் தட்டத் தொடங்குங்கள், பிள்ளை தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு விரல் இரண்டாகி, உள்ளங்கையாகி, கடைசியில் எழுந்து கூடத்தைச் சுற்றி ஓடுவதில் போய் முடியும், ஓடவிடுங்கள். கடைசி அடிகளுக்கு இடையிலுள்ள அமைதியில் சிலையாக நிற்கவேண்டும் என்பது மட்டும் விதி. நான்காம் ஐந்தாம் நாளில் அந்த அடி எந்த நொடியில் விழும் என்பது பிள்ளையின் உடம்புக்கே தெரிந்திருக்கும். ஒரே துண்டை ஒரு வாரம், நாளுக்கு ஒருமுறை, முடிந்தால் அதே நேரத்தில் கேட்கவேண்டும். நாளுக்கொன்றாக ஏழு புதிய துண்டுகளைக் கேட்டால் ஏழும் காற்றோடு போய்விடும். தாலாட்டையும் கதையையும் அதே சொற்களில் மறுபடி மறுபடி கேட்கிற வயது இது, அந்த ஆசையை இசைக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் சிறிய பிள்ளைகளாக இருந்தால் பிரெஞ்சுக்காரரான சான்-சான்ஸ் 1886இல் எழுதிய ‘விலங்குகளின் திருவிழா’ கைகொடுக்கும். அதிலுள்ள 14 துண்டுகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் அடங்குபவை. யானைக்கு டபுள் பாஸ், அன்னத்துக்குச் செல்லோ, புதைபடிவ எலும்புகளுக்கு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன். ஆமைக்கு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஊரெல்லாம் வேகமாக ஆடிக்கொண்டிருந்த இசையமைப்பாளர் ஓஃபன்பாக்கின் நடன மெட்டை எடுத்து, இழுத்து இழுத்து நகரவே மனமில்லாததுபோல் வாசிக்க வைத்துவிட்டார். முதலில் வேகமான மூலத்தையும் உடனே ஆமையையும் போட்டுக் காட்டினால் ஐந்து வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு மெட்டு வேகம் மாறினால் ஆளே மாறிவிடும் என்ற பெரிய பாடத்தை அது அந்தச் சிரிப்பிலேயே கற்றுக்கொள்ளும்.

சீவாளி தெரிந்த பிள்ளைக்கு ஓபோ அந்நியமில்லை

ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லே நம் ஊரில் கல்யாண வீட்டு மெல்லிசைக் கச்சேரியைத்தான் நினைவுக்குக் கொண்டுவருகிறது, அதனால் வாத்தியங்களைக் கண்ணால் காட்டவேண்டியிருக்கிறது. ஆனால் படத்தைக் காட்டிப் பெயரை ஒப்பிக்க வைக்கிற முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலில் ஒலி காதுக்குப் பழகட்டும். ‘அந்த முனகுகிற ஆள் யார்’ என்று பிள்ளை கேட்கிற நாளில் பசூனின் படத்தைக் காட்டுங்கள், அதன் குழாயை மடிப்பு நீக்கி நீட்டினால் இரண்டரை மீட்டர் வரும் என்று சொல்லுங்கள், கூடத்தின் சுவரில் அந்த நீளத்தை அளந்துகாட்டுங்கள். அந்தப் பெயர் பிறகு மறக்காது.

நம் பிள்ளைகளிடம் ஏற்கனவே இருக்கிற அறிவையும் மறந்துவிடக்கூடாது. கல்யாணத்தில் நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, ஓபோவும் பசூனும் அதே இனம் என்று சொன்னால் போதும். நாணலைச் சீவி, இரண்டு நாக்குகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றுக்கு நடுவே காற்றை ஊதுகிற தத்துவம் இரண்டுக்கும் பொது. கிளாரினெட்டில் நாக்கு ஒன்றுதான். வயலினைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது நம் கச்சேரி மேடையில் உட்கார்ந்திருக்கிறது. மேலைக்குழுவில் வயலின்காரர்கள் முப்பது பேர்வரை ஒரே வில்லசைவில் வாசிப்பார்கள் என்பதும், நாற்காலியில் அமர்ந்து தோளில் வைத்து வாசிப்பார்கள் என்பதும்தான் புதிது.

கர்நாடக இசை கற்கிற பிள்ளையாக இருந்தால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் மேலைநாட்டு மெட்டுகளின் வழியில் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை, ‘சக்தி சஹித கணபதிம்’ பாடம் ஆன பிள்ளையின் தொண்டையில் அந்த ஸ்வரவரிசை ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேய நாட்டுப்பண்ணின் மெட்டேதான். இளையராஜாவின் பாட்டுகளோடு வளர்கிற வீட்டில் சரணத்துக்கு முன்னால் வருகிற இடையிசையை மட்டும் தனியாகக் கேட்கச்செய்து, ‘குரல் நின்றதும் யார் பேசுகிறார்கள்?’ என்று கேட்கலாம். 1986இல் அவர் தியாகராஜரையும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கையும் மனத்தில் வைத்துச் செய்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு, பாட்டுக் குரலே இல்லாமல் ஒரு துண்டு முழுவதையும் கேட்டுமுடிக்கப் பழக்குவதற்கு நல்ல பாலம். அவருடைய முதல் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய செய்தியைப் பார்த்துவிட்டு, சிம்பொனி என்றால் என்ன என்று தானாகவே வந்து கேட்ட பிள்ளைகள் பல வீடுகளில் இருந்திருப்பார்கள். அந்தக் கேள்வியை வீணாக்கவேண்டாம்.

பீட்டரும் ஓநாயும்

பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டவற்றில் இதற்கு இணையானது இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். மாஸ்கோவின் மத்தியச் சிறுவர் நாடக அரங்கை நடத்திய நட்டாலியா சாட்ஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1936இல் கதையையும் தானே எழுதி, சில நாள்களிலேயே இசையமைத்து முடித்தார். அதே ஆண்டு மே 2 அன்று மாஸ்கோவில் அரங்கேறியது. ஏறத்தாழ 25 நிமிடம். குருவிக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், சிடுசிடுக்கும் தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு ஹார்ன் என்ற சுருண்ட பித்தளைக் குழல்கள் மூன்று, பீட்டருக்கு வயலின் முதலான தந்தி வாத்தியங்கள், வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்கு டிம்பனி என்ற கிண்ண வடிவ முரசும் பெரிய முரசும். நிகழ்ச்சிக்கு முன் வாத்தியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, ஒவ்வொருவருக்கும் உரிய மெட்டைத் தனியாக வாசித்துக் காட்டுவது நல்லது என்று அவரே இசைக்குறிப்பின் முகப்பில் எழுதிவைத்திருக்கிறார். நான் செய்வதும் அதைத்தான், கொஞ்சம் நிதானமாக.

முதல் நாள் இரவு இசையே இல்லாமல் கதையைத் தமிழில், படுக்கையில் சொல்லும் கதையாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பதிவுகளில் கதை சொல்பவர் ஆங்கிலத்தில் பேசுவார், கதை முன்பே தெரிந்த பிள்ளைக்கு அது தடையாக இராது. மறுநாள் மாலை மெட்டுகளை மட்டும், இன்னார் இன்னார் என்று ஒருமுறை கேட்கச்செய்யுங்கள். மூன்றாம் நாள் முழுவதையும் போடுங்கள். பேச்சுக்கும் இசைக்கும் நடுவே இடைவெளிகள் இருப்பதால், வேண்டிய இடத்தில் நிறுத்தித் தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடர்ந்தாலும் இந்தத் துண்டு கெட்டுப்போவதில்லை. மற்ற எந்த இசையையும் நடுவில் நிறுத்திப் பேசாதீர்கள்.

பிள்ளை காத்திருக்கவேண்டிய இடம் கடைசியில் இருக்கிறது. ஓநாய் அவசரத்தில் வாத்தை மெல்லாமல் உயிரோடு விழுங்கிவிட்டது. வேட்டைக்காரர்களும் தாத்தாவும் பீட்டரும் ஓநாயை இழுத்துக்கொண்டு ஊர்வலம் போகிற ஆரவாரமெல்லாம் அடங்கியபிறகு, ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து ஓபோ மிக மெல்லிதாகக் கேட்கும். கதை சொல்லும்போது இந்த ஒரு செய்தியை மட்டும் நான் மறைத்துவைத்திருந்தேன். பதிவிலிருந்த ஆங்கிலம் சின்னவனுக்குப் புரிகிற வயது இல்லை. வாத்து செத்துப்போயிற்று என்று பாதியிலேயே முகம் வாடிப்போயிருந்த அவன், அந்த ஓபோவைக் கேட்டதும் ஒலிபெருக்கியின் பக்கம் தவழ்ந்துபோய்க் காதை வைத்துக்கொண்டு, “சித்தி, வாத்து உள்ளதான் இருக்கு, சாகல” என்றான். ஒரு வாத்தியத்தின் குரலை வைத்து ஒரு செய்தியைத் தானாகப் படித்துக்கொண்ட முதல் தருணம் அது. அன்றைக்குப் பிறகு அவனிடம் ஓபோ என்றால் என்ன என்று நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

கதையை எப்போது கைவிடுவது

கதை ஒரு நடைவண்டி. குழந்தை நடக்கத் தொடங்கியதும் நடைவண்டியை எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் எந்த இசையைக் கேட்டாலும் ‘இது என்ன விலங்கு, இப்போது என்ன நடக்கிறது’ என்றே கேட்டுக்கொண்டிருக்கும். எட்டு ஒன்பது வயது இதற்குச் சரியான காலம். அமெரிக்க இசைநடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவோடு நடத்திய இளையோர் கச்சேரிகளில் முதலாவது, 1958 ஜனவரி 18 அன்று கார்னகி அரங்கில் நடந்தது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கேள்வியே, இசைக்கு என்ன பொருள் என்பதுதான். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் ‘டான் கிஹோட்டே’ கதைக்காக எழுதிய இசையை எடுத்து, அதற்குச் சிறிதும் தொடர்பில்லாத சூப்பர்மேன் கதை ஒன்றைச் சொல்லி வாசிக்கவைத்தார். கதை கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு உண்மையான கதையைச் சொல்லி அதே இசையை வாசிக்கவைத்தார். அதுவும் பொருந்தியது. இசையின் பொருள் கதையில் இல்லை, ஸ்வரங்களும் தாளமும் ஒன்றோடொன்று செய்கிற காரியத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளே உணரும்படி செய்த அந்தத் தொடர், 1972 வரை 53 நிகழ்ச்சிகளாகத் தொலைக்காட்சியில் வந்தது.

அவருடைய வழியையே வீட்டிலும் செய்யலாம். ஒரு துண்டுக்கு நீங்கள் ஒரு கதை சொல்லுங்கள், பிள்ளை வேறொரு கதை சொல்லட்டும், இரண்டையும் வைத்து இரண்டுமுறை கேளுங்கள். எது சரி என்ற வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதத்தில் ‘அந்த இடத்தில் சத்தம் குறைந்தது, அதனால் அவன் ஒளிந்துகொண்டான்’ என்று பிள்ளை தன் கட்சிக்குச் சான்று காட்டத் தொடங்கும். அந்தச் சான்றுதான் நமக்கு வேண்டியது.

கதை இல்லாத இசைக்கு முதல் படியாக ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடனின் 94ஆவது சிம்பொனியின் இரண்டாம் பகுதி அமையும். 1792இல் லண்டனில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது, ஆறு நிமிடத்துக்குச் சற்று முன்பின் ஆகும். குழந்தைப் பாட்டுப்போல ஓர் எளிய மெட்டு மெல்ல வருகிறது, அதே மெட்டு இன்னும் மெல்லத் திரும்புகிறது, தூங்கிவிடலாம் என்று தோன்றுகிற இடத்தில் முழுக் குழுவும் டிம்பனியோடு சேர்ந்து ஒரே ஓர் இடி. முதன்முறை கேட்கிற பிள்ளை துள்ளும். ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுப்பது அந்தத் துள்ளலுக்காக மட்டும் இல்லை. அதே இடி மறுபடி எப்போது வரும் என்று பிள்ளை மீதி நேரம் முழுவதும் காத்திருக்கும், ஹைடனோ அதே தந்திரத்தை மறுபடி செய்வதே இல்லை. மெட்டை மட்டும் மாற்றி மாற்றி அலங்கரித்துக்கொண்டு போகிறார், இடிக்காகக் காத்திருந்த காதில் அந்த மாற்றங்கள் அத்தனையும் விழுந்துவிடுகின்றன. அவருடைய இன்னொரு சிம்பொனியான 45ஆவதைக் காணொளியில் பார்க்கச்செய்யுங்கள். 1772இல், கோடை அரண்மனையிலேயே தங்கிவிட்ட எஸ்டர்ஹாசி கோமகனுக்கு, இசைக்கலைஞர்கள் குடும்பத்தைப் பார்க்க ஊருக்குப் போக ஏங்குகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராகத் தம் வாசிப்பை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். முடிவில் மீதியிருப்பது இரண்டு வயலின்கள். இசைக்குழு என்பது கூலிக்கு வேலைசெய்து, வீட்டை நினைத்து ஏங்குகிற மனிதர்களால் ஆனது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை இதில் நன்றாகவே புரிந்துகொள்ளும்.

இதற்கு அடுத்தது கால் மணி நேரம். பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1928இல் எழுதிய ‘பொலேரோ’வில் சிறு முரசு ஒரே தாளக்கட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை 160 தடவைக்கு மேல் வாசிக்கிறது, அதன்மேல் மெட்டு கைமாறிக் கைமாறிப் போகிறது. ஒரு தாளில் யார் யார் கைக்கு மெட்டு போனது என்று எழுதச்சொன்னால் போதும், தெரியாத வாத்தியத்துக்குப் பிள்ளை தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளட்டும். கடைசிக் கட்டத்தில் சுருதி சட்டென்று இடம் மாறும், அதுதான் காத்திருக்கவேண்டிய இடம். ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், 1946இல் வெளிவந்த ஒரு கல்விப் படத்துக்காகச் செய்த ‘இளையோருக்கான இசைக்குழு வழிகாட்டி’யையும் இந்தக் கட்டத்தில் கொடுக்கலாம். பழைய ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்சல் 1695இல் எழுதிய மெட்டை எடுத்து, 13 மாற்றங்களில் வாத்தியங்களை ஒவ்வொன்றாக முன்னால் அழைத்துவந்து, பிறகு பிக்கோலோ என்ற குட்டிப் புல்லாங்குழல் தொடங்கிவைக்க எல்லாரும் ஒருவர்பின் ஒருவராகப் புகுந்து ஓடும்போது, பித்தளை வாத்தியங்கள் பர்சலின் மெட்டை அந்த ஓட்டத்தின்மேல் அகலமாக விரிக்கின்றன. பர்சல் திரும்பி வருவார், கண்டுபிடி என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

அரங்கத்துக்கு அழைத்துப் போகும்போது

நேரில் கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை, ஆனால் தமிழ்நாட்டில் முழுச் சிம்பொனிக் குழுவைக் கேட்கும் வாய்ப்பு அரிது. மும்பையில் 2006இல் தொடங்கப்பட்ட சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா என்சிபிஏ என்ற தேசிய நிகழ்த்துகலை மையத்தின் அரங்கில் வாசிக்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 1979 முதல் இயங்கும் சிங்கப்பூர் சிம்பொனி குழு இருக்கிறது, தாவரவியல் பூங்காவின் திறந்தவெளியில் புல்தரையில் பாய் விரித்து இலவசமாகக் கேட்கவும் முடியும். கொழும்பிலும் நெடுங்காலமாக ஒரு சிம்பொனி குழு உண்டு. லண்டனில் 1895 முதல் நடந்துவரும் புரோம்ஸ் கோடைக் கச்சேரிகளுக்கு நின்றுகொண்டு கேட்கும் மலிவான சீட்டுகள் கிடைக்கின்றன.

விலையுயர்ந்த முன்வரிசை இருக்கை பிள்ளைக்கு வேண்டாம். அங்கிருந்து வயலின்காரர்களின் கால்சராய்தான் தெரியும். மாடியில், மேடையைக் கீழ்நோக்கிப் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்தால் டிம்பனிக்காரர் தோலின்மேல் காதை வைத்துச் சுருதி பார்ப்பதுவரை தெரியும். இருபது நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். விளக்கு மங்குவதற்கு முன் ஓபோ ஒற்றை ஸ்வரம் ஒன்றை நீட்டிப் பிடிக்க, குழு முழுவதும் அதனோடு சுருதி சேர்க்கும், பல குழுக்கள் அதை 440 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்கின்றன. தம்புராவைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. இரண்டு பாதியில் ஒரு பாதியை மட்டும் கேட்டுவிட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போவதில் தவறே இல்லை, பிள்ளை இன்னும் கேட்கவேண்டும் என்று ஏங்குகிற இடத்தில் எழுந்து வருவது, அலுத்துப்போய் எழுந்து வருவதைவிட நல்லது. வாசிக்கப்போவதில் ஒரு துண்டையாவது முந்தைய இரண்டு வாரங்களில் வீட்டில் பழக்கியிருக்கவேண்டும், தெரிந்த முகம் ஒன்று கூட்டத்தில் இருந்தால்தான் பிள்ளைக்கு அரங்கம் பழகும்.

பகுதிகளுக்கு நடுவே கைதட்டக்கூடாது என்பது இன்றைய வழக்கம். அதை முன்பே சொல்லிவையுங்கள், ஆனால் மறந்துபோய்ப் பிள்ளை கைதட்டிவிட்டால் தயவுசெய்து கையைப் பிடித்து இழுத்து முறைக்காதீர்கள். 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி நடந்துகொண்டிருக்கும்போதே, பகுதிக்கு நடுவில், ஓர் இடம் பிடித்துப்போய் மக்கள் கைதட்டியதை மொசார்ட் தன் தந்தைக்கு மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் கைதட்டு விழும் என்று எதிர்பார்த்தே அவர் அதை எழுதியிருந்தார்.

முதல் முழுச் சிம்பொனி

இதற்கு நான் பீத்தோவனின் ஐந்தாவதைச் சொல்வேன், அதுவும் காணொளியாக. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், நான்கு மணி நேரம் நீண்ட ஒரு குளிர்காலக் கச்சேரியின் நடுவே முதலில் ஒலித்தது. நான்கு பகுதிகள், முப்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். தொடக்கத்திலுள்ள மூன்று குறிலும் ஒரு நெடிலுமான தட்டு எல்லாருக்கும் தெரியும், மூன்றாம் பகுதியில் ஹார்ன்கள் அதே தட்டை வேறு முகத்தோடு கொண்டுவருவதைப் பிள்ளை கண்டுபிடித்தால் மகிழ்ச்சி. கண்டுபிடிக்காவிட்டாலும் குறையில்லை. நான் பிள்ளையிடம் கொடுக்கிற வேலை வேறு. பின்வரிசையில் டிராம்போன் என்ற நீண்ட பித்தளைக் குழலை வைத்துக்கொண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள்மேல் ஒரு கண் வைத்திரு என்று மட்டும் சொல்வேன்.

முதல் பகுதி முடியும், அவர்கள் வாசிக்கமாட்டார்கள். இரண்டாம் பகுதியிலும் மடியில் வாத்தியத்தோடு சும்மாவே இருப்பார்கள். மூன்றாம் பகுதியும் அப்படித்தான். அதன் முடிவில் எல்லாம் அடங்கி, தந்திகள் ஒரே இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, டிம்பனி மட்டும் எங்கோ தொலைவில் கதவைத் தட்டுவதுபோல மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். இடைவெளி விடாமல் அங்கிருந்து நேராக நான்காம் பகுதிக்குள் இசை பாய்கிறது, இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருந்த டிராம்போன்கள் பிக்கோலோவோடும் கான்ட்ரா பசூனோடும் சேர்ந்து அந்த நொடியில்தான் வாய் திறக்கின்றன. ஆறாவது சிம்பொனியை என் மனம் நோகாமலிருக்கச் சகித்துக்கொண்ட பெரியவளுக்கு, இதை முதன்முதலில் பார்த்தபோது பத்து வயது முடிந்திருந்தது. டிம்பனி தட்டத் தொடங்கியதும் படத்தில் அந்த மூன்று பேரும் முதுகை நிமிர்த்தி வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, “எடுத்துட்டாங்க சித்தி, எடுத்துட்டாங்க” என்றாள்.